துருவுக்குள் ஒரு வரலாறு

எடைப் பலகையின் மீது ஏற்றிவிட்டார்கள்! இரும்புக்கு இன்ன விலை, மரப்பலகைக்கு விலையே இல்லை, அடுப்புக்குத்தான் ஆகும் என்று கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார் காயலான் கடைக்காரர். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலே, சரக்குப் பெட்டிகளைச் சுமந்த லாரிகள் துறைமுகத்தை நோக்கி வரிசை பிடித்து நின்ற மாலை நேரம். பள்ளி விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த நாம் அந்தக் கடை வாயிலில் நின்றோம். நம்மை நிற்கவைத்தவள், அந்த இரும்பினருகே தலைகவிழ்ந்து நின்ற நம் மாணவி. பத்தாம் வகுப்புப் படிப்பவள்.

"என்னம்மா இது?" என்றோம்.

"ஆயாவோட தையல் மிஷின், சார். வெள்ளத்துல நின்னதுல போயிடுச்சு. மாமாதான் எடைக்குப் போட்டுட்டு வரச் சொன்னாரு."

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழை, எண்ணூர்ப் பக்கத்து மக்களுக்கு வெறும் நீராக வரவில்லை. கழிமுகத்தில் கலந்த எண்ணெய்க் கசடும் சேர்ந்து எர்ணாவூர் வீடுகளுக்குள் புகுந்தது. படகிலே படிந்தது, வலையிலே படிந்தது, சுவரிலே கறுப்புக் கோடாகப் படிந்தது. அந்தக் கோடு, அந்தப் பொறியின் இரும்புக் கால்களிலும் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் கிடைக்காமல் பல ஆண்டு மூலையில் கிடந்த பொறி, எண்ணெய் வெள்ளத்திலே நின்றது! ஆனால், வேண்டிய இடத்தில் வேண்டிய துளி விழாதபோது வெள்ளமாக வந்தென்ன பயன்? உப்புக் காற்றும் சேற்று நீரும் சேர்ந்து அதைத் துருவாக்கிவிட்டன.

குனிந்து பார்த்தோம். துருவுக்கும் அழுக்குக்கும் அடியில், வார்ப்பிரும்புக் காலில் 'சிங்கர்' என்ற எழுத்துகள். பொறியின் அடித்தட்டிலே ஓர் எழுத்தும் அதைத் தொடர்ந்து நீண்ட எண் வரிசையும். விரலால் துடைத்தோம், 'ஒய்' என்னும் ஆங்கில எழுத்து தெரிந்தது. சிங்கர் நிறுவனத்தின் எண் பதிவுகளைக் கண்டோர் அறிவர்: அவ்வெழுத்துத் தாங்கிய பொறிகள், இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், ஸ்காட்லாந்து நாட்டின் கிளைடுபேங்க் நகரிலே செய்யப்பட்டவை. கடல் கடந்து வந்து, மூர் மார்க்கெட்டில் கைமாறி, எர்ணாவூரில் மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட ஒன்று, இன்று கிலோக் கணக்கில் போகிறது!

எடைக்குரிய பணத்தைக் கடைக்காரரிடம் கொடுத்தோம். பொறி, பள்ளிக்கூடத்துக்கு மூன்று சக்கர வண்டியிலே வந்து சேர்ந்தது.

"பழைய இரும்பை எதற்குச் சுமக்கிறீர்?" என்று நண்பர்கள் கேட்டனர். இந்தக் கட்டுரை அவர்களுக்கு நாம் தரும் விடை.

தைத்த துணியும் தடையும்

தையற்கலை நமக்கு வெள்ளையர் கொடுத்த வரம் என்று எண்ணுவோர் உண்டு. தவறு. சிலப்பதிகாரம், பூம்புகார் நகரத்துத் தொழிலாளரை வரிசைப்படுத்தும் இடத்திலே துன்னகாரரைக் குறிக்கிறது. துன்னுதல் என்றால் தைத்தல். துணியைத் தைப்பவர் ஒருபுறம், தோலைத் தைப்பவர் ஒருபுறம் என இரு வகையாரும் அங்கே இடம்பெறுகின்றனர். ஊசியும் நூலும் தமிழருக்குப் புதியன அல்ல.

நம் வடசென்னையின் வரலாறே துணியின் வரலாறன்றோ! 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்த மணல் மேட்டைத் தேடி வந்தது, கடற்காற்று வாங்குவதற்கல்ல; துணி வாங்குவதற்கு. இங்கே நெய்த துணி மலிவாகவும் தரமாகவும் கிடைத்தது. நெய்த துணியை வெளுக்க வந்தவர் குடியேறிய இடம் வண்ணாரப்பேட்டை ஆயிற்று. துணி இங்கிருந்து கப்பல் ஏறியது.

துணி நெய்த நாட்டிலே, அந்தத் துணியை எவர் தைத்து உடுத்தலாம் என்பதற்குத் தடை விதித்தவர்களும் இருந்தனர். சடங்கு நேரத்தில் தைத்த துணி தீட்டு என்றனர் வைதிகர். அதைவிடக் கொடுமை தெற்கே நடந்தது. இன்றைய குமரி மாவட்டம் அடங்கிய அந்நாளைய தென் திருவிதாங்கூரிலே, நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துத் துணி அணிவதே குற்றமாகக் கருதப்பட்டது. குப்பாயம் தைத்து அணிந்த பெண்களைத் தெருவிலே பிடித்து அதைக் கிழித்தெறிந்தனர். கிழித்தவர் கை ஓயவில்லை. தைத்தவர் கையும் ஓயவில்லை. பல பத்தாண்டுகள் நீண்ட அந்தப் போராட்டத்தின் பயனாகவும், சென்னை ஆளுநராக இருந்த திரவெல்யன் கொடுத்த அழுத்தத்தின் பயனாகவும், 1859 சூலை 26-இல் திருவிதாங்கூர் மன்னரின் ஆணை பிறந்தது. அதிலும் கருமித்தனம்! குப்பாயம் அணியலாம், ஆனால், உயர்சாதிப் பெண்டிர் அணியும் முறையில் மேலாடை அணியலாகாது என்றது ஆணை.

ஒரு சட்டைக்காக அரசாணை பிறந்த நாடு இது. ஆகவே, தையற்பொறியை நாம் வெறும் வீட்டுச் சாமானாகக் கருதுவதற்கில்லை. எவருடைய உடம்புக்கும் அளவெடுத்து, சாதி கேளாமல் தைத்துத் தரும் அந்தப் பொறி, மனுவுக்குத் தெரியாத ஒரு நீதியை இங்கே கொண்டுவந்தது.

கனவில் வந்ததா?

இதைக் கண்டுபிடித்தவர் யார்? பள்ளி மாணவரைக் கேட்டால் ஒரு பெயரைச் சொல்வர். கதை கேட்டு வளர்ந்தவர் ஒரு கனவைச் சொல்வர். எலியாஸ் ஹோ என்னும் அமெரிக்கர் உறங்கினாராம். காட்டு மனிதர் ஈட்டியோடு சூழ்ந்தனராம். ஈட்டிகளின் முனையிலே துளை இருந்ததாம். விழித்தெழுந்தாராம்; ஊசியின் முனையிலே துளை வைத்தாராம்!

கதை சுவையானது. வரலாறோ வேறு சொல்கிறது.

1790-இலேயே, இங்கிலாந்தில் தாமசு செயிண்ட் என்பவர், தோல் தைக்கும் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த ஏடு அலுவலக அடுக்குகளிலே எண்பதாண்டுக்கு மேல் உறங்கிற்று. 1830-இல் பிரான்சு நாட்டுத் தையற்காரர் திமோனியே ஒரு பொறி செய்தார். பாரிசு நகரில் எண்பது பொறிகளை வைத்துப் படைவீரருக்கு உடை தைக்கத் தொடங்கினார். 1831-இல், பிழைப்புப் போய்விடுமென்று அஞ்சிய தையற்காரர் கூட்டம் உள்ளே புகுந்து பொறிகளை உடைத்தெறிந்தது. திமோனியே 1857-இல் வறுமையிலே மாண்டார். அதே 1830-களில், அமெரிக்காவில் வால்டர் ஹண்ட் என்பவர், முனையில் துளையுள்ள ஊசியையும் கீழ்நூல் ஓட்டத்தையும் சேர்த்து ஒரு பொறி செய்தார், காப்புரிமை கேட்கவில்லை. கையால் தைத்துப் பிழைக்கும் ஏழைப் பெண்களின் வாயில் மண் விழுமே என்று அவர் மகள் கவலைப்பட்டதுதான் காரணம் என்று கூறுவர்.

ஹோ காப்புரிமை பெற்றது 1846 செப்டம்பர் 10-இல். அவர் கனவு கண்டதாகச் சொல்லப்படும் அந்தத் துளையை, அவருக்கு முன்பே ஹண்ட் விழித்திருந்து செய்துவிட்டார்! ஹோவின் உழைப்பை நாம் குறைத்துக் கூறவில்லை. ஐந்து பெண்கள் கையால் தைக்கும் வேகத்தைத் தம் பொறி வெல்வதைப் பலர் முன்னிலையில் காட்டினார், வாங்குவார் இல்லை. கடல் கடந்து இங்கிலாந்து சென்றார், வறியவராய்த் திரும்பினார். பட்ட பாட்டையெல்லாம் மறைத்துவிட்டு, பலனை மட்டும் ஒரு கனவின் கணக்கிலே எழுதுவது அந்த உழைப்பாளிக்குச் செய்யும் அநீதி அல்லவா?

சிங்கருக்கும் ஒரு புராணம் உண்டு. காந்தியார், பொறிகளை எதிர்த்து எழுதியவர், தையற்பொறிக்கு மட்டும் விலக்கு அளித்தார். 1924-இல் ஓர் உரையாடலிலே, மனைவி கையால் தைத்துத் துன்புறுவதைக் கண்டு, அன்பினால் உந்தப்பட்டுச் சிங்கர் இதை ஆக்கினார் என்று அவர் கூறினார். உள்ளம் நல்லது, செய்தி தவறானது. ஐசக் சிங்கர் நாடகக்காரர். பல குடும்பங்களை ஒரே காலத்தில் நடத்தியவர். 1850-இல் பாஸ்டன் நகரப் பட்டறை ஒன்றுக்கு வந்த பழுதுபட்ட தையற்பொறியைப் பார்த்தார். அதன் குறைகளைக் கண்டார். பணம் ஈட்டும் நோக்கத்தோடு திருத்தி அமைத்தார். 1851 ஆகஸ்டு 12-இல் காப்புரிமை பெற்றார். தொடங்கியதே பழுதுபார்ப்பில்! பழைய பொறியைத் திருத்த முனைந்த நமக்கு இந்தச் செய்தி ஊக்கமளித்தது.

பிறகு வழக்கு மேல் வழக்கு. ஹோ சிங்கர்மீது தொடுத்த வழக்கில் வென்றார். 1856-இல், ஒருவர் காப்புரிமையை ஒருவர் மீறினார் என்று மன்றாடிக்கொண்டிருந்த நிறுவனங்கள், உரிமைகளை ஒன்றாக்கிக் கூட்டுச் சேர்ந்து உலகத்தாரிடம் கட்டணம் தண்டின. ஒருவர் தலையில் உதித்ததன்று தையற்பொறி. பலர் அறிவு, பலர் கை, பலர் கண்ணீர் சேர்ந்து பிறந்தது.

மிச்சமான நேரம் யாருக்கு?

அந்நாளில் விலர்-வில்சன் என்னும் தையற்பொறி நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. ஆடவர் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம். பொறியால் தைக்க 1 மணி 16 நிமிடம். பொறி விற்பவரின் கணக்கென்று சற்றே குறைத்துக் கொண்டாலும், சட்டைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மிச்சம்.

தோழர்களே! இங்கேதான் நாம் நின்று கேட்கவேண்டும். அந்த மிச்சமான நேரம் எங்கே போயிற்று? தைத்தவளுக்கு ஓய்வாகப் போயிற்றா? கல்வியாகப் போயிற்றா? பெரும்பாலும் போகவில்லை. சட்டைக்குக் கிடைத்த கூலி குறைந்தது. ஒரு சட்டை தைத்த நேரத்தில் பல சட்டை தைக்கவேண்டியதாயிற்று. மிச்சம், பொறியை உடையவனின் பெட்டியிலே விழுந்தது.

பொறியைச் செய்த தொழிலாளர் கதையும் அதுவே. கிளைடுபேங்கிலே 1885-இல் இயங்கத் தொடங்கிய சிங்கர் தொழிற்சாலை, பதினோராயிரம் பேருக்கு மேல் வேலை செய்த பெருங்கூடமாக வளர்ந்தது. 1911 மார்ச்சில், மரப்பெட்டிகளுக்கு மெருகிடும் பகுதியிலே மூவரை எடுத்துவிட்டு, அவர்கள் வேலையையும் எஞ்சிய பன்னிரண்டு பெண்கள் தலையில் கட்டினர். பன்னிருவரும் வெளியேறினர். அவர்களுக்காகப் பிற பெண்கள் வெளியேறினர். பின் ஆடவரும் வெளியேறினர். சில நாள்களில் ஆலையே ஏறத்தாழ நின்றது! மூன்று வாரம் நீடித்த அந்த வேலைநிறுத்தம் தோற்றது. முன்னின்ற நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தனர். ஆயினும் அவர்கள் விதைத்தது வீணாகவில்லை. கிளைடு ஆற்றங்கரை பின்னாளில் தொழிலாளர் இயக்கத்தின் கோட்டையாயிற்று. ஏழாண்டு கழித்து, 1918 ஏப்ரல் 27-இல், நம் பெரம்பூர்ப் பகுதி ஆலைத் தொழிலாளர்க்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. சட்டையைத் தைக்கும் பொறி செய்தவருக்கும், சட்டைக்குத் துணி நெய்தவருக்கும் கடல் நடுவே இருந்தது. துன்பம் ஒன்றாகவே இருந்தது.

இந்தியாவுக்குச் சிங்கர் பொறிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே வந்துவிட்டன. நசர்வான்ஜி மேர்வான்ஜி படேல் என்னும் பார்சி வணிகர், இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் விற்பனைக்கு நீண்ட காலம் தலைமை தாங்கினார். அமெரிக்காவில் 1856-இலேயே சிங்கர் நிறுவனம் புகுத்திய தவணை முறை இங்கும் வந்தது. முழு விலை கொடுக்க இயலாத தையற்காரர், சிறுகச் சிறுகக் கட்டி உரிமையாளரானார். கொல்லர் மகன்தான் கொல்லன், தச்சன் மகன்தான் தச்சன் என்று பிறப்பால் தொழிலைப் பூட்டி வைத்த நாட்டிலே, தையற்பொறியின் முன் அமர எந்தக் குலத்தாரும் வந்தனர். 1930-களில் கல்கத்தாவிலே ஜெய் என்ஜினியரிங் நிறுவனம் தோன்றி, 'உஷா' பொறிகளை இங்கேயே செய்யத் தொடங்கியபின், இறக்குமதியை நம்பியிருந்த நிலையும் மாறிற்று.

பொட்டு வைத்தனர்; எண்ணெய் விடவில்லை!

இனி, நம் பள்ளி அறைக்கு வருவோம். மாணவியும் அவள் தோழியர் மூவரும், மாணவர் இருவரும், நாமும். வழிகாட்டியவர், இராயபுரத்திலே ஐம்பதாண்டாகத் தையற்பொறி பழுதுபார்க்கும் ஒரு முதியவர். எல்லாரும் அவரைப் 'பாய்' என்றே அழைப்பர். நாமும் அப்படியே அழைத்தோம்.

பொறியைக் கண்டதும் பாய் சிரித்தார். "சார், இது செத்துப்போகல. தொண்டை அடைச்சுக் கிடக்குது" என்றார்.

பொறியின் கழுத்திலே சந்தனமும் குங்குமமும் ஏடு ஏடாகக் காய்ந்து கிடந்தன. ஆண்டுதோறும் ஆயுத பூசை! ஈரச் சந்தனம் பட்ட இடங்களிலெல்லாம் பொன்னிறப் பூவேலை மறைந்து, இரும்பு அரித்திருந்தது. ஊசித் தட்டைக் கழற்றினோம். அடியிலே, பல்லாண்டுப் பஞ்சும் நூலும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து கம்பளித் துண்டுபோல் திரண்டிருந்தன. ஆண்டுக்கொரு முறை மேலே பொட்டு. ஆண்டு முழுவதும் உள்ளே அழுக்கு! வணங்கியவர் கெட்டவர் அல்லர். சோறு போடும் பொருளிடம் காட்டிய நன்றியே அது. ஆனால் நன்றியைச் செலுத்தவேண்டிய இடத்தை அவர்களுக்கு எவரும் சொல்லித் தரவில்லை. பொறிக்கு வேண்டியது பூ அன்று. துடைப்பும் துளி எண்ணெயும்.

எண்ணெயிலும் பிழை நடந்திருந்தது. வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயை விட்டிருந்தனர். அது நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்கிறது. பின்னர்ப் பிசினாகி அச்சுகளை இறுக்கிவிடுகிறது. கனிம எண்ணெயான தையற்பொறி எண்ணெய் அப்படி இறுகுவதில்லை. "முறுக்கித் திருப்பாதீங்க, உடைஞ்சிடும். மண்ணெண்ணெய் விட்டுட்டு வீட்டுக்குப் போங்க" என்றார் பாய். அச்சு அச்சாக, துளை துளையாக மண்ணெண்ணெய் விட்டோம். முதல் நாள் சக்கரம் அசையவில்லை. இரண்டாம் நாளும் அசையவில்லை. மூன்றாம் நாள், நகத்தளவு அசைந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டனர்!

மெருகைத் துடைக்கையில் இன்னொரு பாடம். சாராயச் சத்துள்ள ஸ்பிரிட்டால் துடைத்தால் பளிச்சென்றிருக்கும் என்று ஒரு மாணவன் எடுத்து வந்தான். பாய் கையைப் பிடித்துத் தடுத்தார். பூவேலையைக் காக்கும் மேற்பூச்சு அரக்கு. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். அந்த அரக்கு, நம் நாட்டுச் சோட்டா நாகபுரிக் காடுகளிலே, மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சியினத்திலிருந்து பழங்குடி மக்கள் சுரண்டி எடுப்பது. உலகுக்கு அரக்கு அளித்ததிலே பெரும்பங்கு இந்தியாவுடையது. அயல்நாட்டுப் பொறி என்று எண்ணினோம்; அதன் முகத்து ஒளியிலே நம் காட்டுமக்களின் வியர்வை இருந்தது!

திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே தாளில் ஒட்டி எண் இட்டோம். தோல் வாரைப் புதிதாக வாங்கி இணைத்தோம். பாபின் உறையின் நூல் ஓடும் வழியில் இருந்த துருவைத் தேய்த்து எடுத்தோம். பின்னர்ச் சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி, பிள்ளைகளுக்குக் காட்டினார் பாய்.

கையூசியின் துளை வாலில் இருக்கிறது. ஆகவே ஊசி முழுதும் துணியைக் கடந்து மறுபுறம் போயாக வேண்டும். பொறியூசியின் துளை முனையில் இருக்கிறது; ஆகவே முனை மட்டும் இறங்கினால் போதும். இறங்கிய ஊசி மேலேறத் தொடங்கும் அந்த ஒரு கணத்தில், நூல் சற்றே தளர்ந்து சிறு கண்ணியாகிறது. கீழே சுழலும் கொக்கியின் கூர்முனை அந்தக் கண்ணியைப் பிடித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. மேல்நூலும் கீழ்நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. மேலே உள்ள கை இழுத்து இறுக்குகிறது. அடியிலுள்ள பல் துணியை அடுத்த தையலுக்குத் தள்ளுகிறது. கொக்கி அரைக் கணம் முந்தினாலும் கண்ணி இல்லை. பிந்தினாலும் கண்ணி இல்லை. இதிலே மந்திரம் எங்கே இருக்கிறது? அளவு இருக்கிறது, காலம் இருக்கிறது, காரணம் இருக்கிறது. கண்ணால் கண்ட காரணத்தைவிடப் பெரிய பகுத்தறிவுப் பாடம், நம் புத்தகத்திலே எந்தப் பக்கத்தில் உண்டு?

ஐந்தாம் வாரம் முதல் தையல் விழுந்தது. மேல்நூல் தளர்ந்து அடியிலே முடிச்சு முடிச்சாகத் தொங்கிற்று. திருகை அரைச் சுற்று இறுக்கினோம். அடுத்த வரி, அச்சடித்ததுபோல் நேராக ஓடியது.

தையலும் தையலும்

தமிழிலே 'தையல்' என்ற சொல்லுக்குத் தைத்தல் என்றும் பொருள். பெண் என்றும் பொருள். சொல் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தப் பொருத்தத்தைச் சிலர் விலங்காக்கிவிட்டனர்.

பொறி ஓடுகிறதென்ற செய்தி எர்ணாவூர் போய்ச் சேர்ந்தது. மாமா வந்தார். மகிழ்ந்தார். பிறகு சொன்னார்: "நல்லதாப் போச்சு சார். பத்தாவதோட நிறுத்திட்டு இதுலயே உக்கார வெச்சிடலாம். பொண்ணு வீட்டோட இருக்கும். நாலு காசும் வரும்."

நாம் திடுக்கிட்டோம். ஐந்து வாரம் துருவைத் தேய்த்தது, ஒரு விலங்குக்கு மெருகிடத்தானா? பொறியை மீட்டோம் என்று களித்தோமே. அதனடியிலே ஒரு பெண்ணின் படிப்பைப் புதைக்கப் போகிறோமா?

விடை சொன்னவர் நாம் அல்ல. உடன் வந்திருந்த ஆயா. எழுபதைக் கடந்தவர். பொறியின் தட்டைத் தடவிக்கொண்டே பேசினார்.

"எங்கம்மா மூர் மார்க்கெட்டுல பழசா வாங்கினது இது. எனக்குப் படிப்பு இல்ல, இதுதான் இருந்துச்சு. அவரு வேலை பார்த்த ஆலையை மூடினப்போ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஜாக்கெட் தைச்சேன். எதுக்குத் தைச்சேன்? உங்கக்கா படிக்கணும்னு தைச்சேன். அவ படிச்சா, அங்கன்வாடியில வேலைக்குப் போனா. இவளையும் மறுபடி இங்கயே உக்கார வெச்சா, நான் மிதிச்சதுக்கு இன்னாடா அர்த்தம்?"

மாமா பேசவில்லை. நாமும் பேசவில்லை.

மிச்சமான நேரம் யாருக்கு என்று உலக வரலாற்றைப் புரட்டிக் கேட்டோமே, அதற்கு விடை எர்ணாவூரிலே இருந்தது! பொறி மிச்சப்படுத்திய நேரத்தை முதலாளி எடுத்துக்கொள்ள முடியாதபடி, அந்த எழுத்தறியாத தாய் தன் மகளின் பள்ளிக்கூடத்திலே முதலீடு செய்திருக்கிறார். பொறி அவருடையதாக இருந்ததனால் அது நடந்தது. பிறர் பொறியில் கூலிக்குத் தைத்திருந்தால் நடந்திருக்குமா?

பொறி பெண்ணின் சொந்தமாக வேண்டும் என்பதை நம் நாடு உணராமல் இல்லை. தமிழ்நாடு அரசு, கணவனை இழந்தோர், ஆதரவற்ற பெண்கள், மாற்றுத் திறனாளிகள் போன்றோர்க்கு விலையின்றித் தையற்பொறி வழங்கும் திட்டம், சத்தியவாணி முத்து அம்மையார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த அம்மையார் நம் வடசென்னையின் பெரம்பூர்த் தொகுதியிலே வென்றவர். 1967-இல் அண்ணா அமைத்த அமைச்சரவையில் இருந்த ஒரே பெண். அவர் பெயரைப் பொறியோடு சேர்த்தது பொருத்தம். பொறி கொடுப்பது முதற்படி. அந்தப் பொறியினால் அடுத்த தலைமுறை வேறு படிகளில் ஏறவேண்டும் என்பதே அந்தப் பெயருக்குரிய பொருள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெண்பிள்ளைக்குத் தையல், ஆண்பிள்ளைக்குப் பட்டறை என்று பிரிக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இன்னும் மறையவில்லை. எங்கள் அறையிலே ஆண்பிள்ளைகள் கிழிந்த சட்டையைத் தைக்கக் கற்றனர். பெண்பிள்ளைகள் திருப்புளி பிடித்தனர். வானம் இடிந்து விழவில்லை!

அந்த மாணவி, தேர்வு முடிந்ததும் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறாள். கொக்கி கண்ணியைப் பிடிக்கும் அந்த ஒரு கணத்தைப் பார்த்தபோதே முடிவு செய்துவிட்டாளாம். பொறி ஆயாவின் வீட்டுக்கே திரும்பிப் போயிற்று. இம்முறை தரையில் அன்று, வெள்ளம் எட்டாத உயரத்திலே ஒரு மேடை கட்டி வைத்திருக்கிறார்கள். கொடுத்த எடைப்பணத்தை ஆயா திருப்பித் தந்தார். நாம் மறுத்தோம். மறுநாள் நம் கிழிந்திருந்த தோள்பை தைக்கப்பட்டு வந்தது. கூலி கேட்டால், "அதுக்கு இது சரியாப் போச்சு தம்பி" என்றார்.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பரணிலும், மாட்டுக் கொட்டகையிலும், படிக்கட்டின் அடியிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். எடைக்குப் போடுமுன் எண்ணைத் துடைத்துப் படியுங்கள். எந்த நாட்டுத் தொழிலாளி செய்தான் என்று அறியுங்கள். அதை மிதித்தவர் யார், எத்தனை இரவு மிதித்தார், எவரைப் படிக்கவைத்தார் என்று வீட்டிலுள்ள முதியவளைக் கேட்டு எழுதிவையுங்கள். மன்னர்கள் தம் வெற்றியைக் கல்லிலே வெட்டினர். நம் தாய்மார் தம் வெற்றியைத் துணியிலே தைத்தனர். துணி கிழிந்துவிட்டது; பொறி நிற்கிறது. துருவை நீக்குவோம், அதன் அடியிலே நம் வரலாறு இருக்கிறது.